கத்தாத பஸ்ஸர்

காலை எட்டு மணியிலிருந்து அற்புதராஜ் ஓவன் ரோட்டுப் பின்சந்தில் ஒரு பழைய லாரி டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். முதலாளியின் வண்டி எதிரில் நிற்கும்போது அவர் முதுகைச் சாய்த்து உட்காருவதில்லை. அது வந்து இரண்டு மாதம்கூட ஆகாத வெள்ளை ஜப்பான் கார். பின்பம்பரின் இடது பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு உள்ளே குழிந்திருந்தது. குழிவுக்கு இரண்டு பக்கமும், பத்துக் காசு அளவில், பம்பரில் பதித்த நான்கு கறுப்பு வட்டங்கள்.

"கீயைத் திருப்புங்கண்ணே. எஞ்சின் வேணாம். ரிவர்ஸ்ல மட்டும் போடுங்க."

காரின் பின்பெட்டிக்குள்ளிருந்து நாகூர் கனியின் குரல் வந்தது. மருதப்பனின் ஒர்க்‌ஷாப்பில் வயர் வேலை எல்லாம் அவர்தான். இடுப்புவரை உள்ளே போயிருந்தார். வெளியே தெரிந்தது கைலியும் ரப்பர் செருப்பும் மட்டும்.

அற்புதராஜ் எழுந்து போய், கைகளைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார். ரிவர்ஸில் போட்டதும் பின்விளக்கு எரிந்தது. பின்னால் ஏதாவது நெருங்கினால் கத்த வேண்டிய பஸ்ஸர் 'டிக்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அடங்கியது. கனி வெளியே வந்து ஒரு தகரத் தகட்டை பம்பருக்குப் பின்னால் இரண்டு முழத்தில் பிடித்தார். சத்தமில்லை. ஒரு முழத்தில் பிடித்தார். இல்லை. தகட்டாலேயே பம்பரை ஒரு தட்டுத் தட்டினார்.

"இடிச்ச பிறகும் கத்தமாட்டேங்குது பாருங்க. நல்ல அழுத்தக்காரன்."

"கெட்டுப் போச்சுதானே பாய்?"

"பொறுங்கண்ணே. டாக்டர்கிட்ட வந்ததும் எத்தனை நாள்னு கேக்குற மாதிரி கேக்குறீங்களே."

கெட்டுப் போயிருக்க வேண்டும் என்பதுதான் அற்புதராஜின் வேண்டுதல்.

ஐந்து நாளைக்கு முன் ஜூரோங்கில் நடந்தது அது. அவருடைய முதலாளி சுப்பிரமணியம் கப்பல்களுக்கு மளிகைச் சாமான் கொடுப்பவர். ஜூரோங்கில் கிடங்கு, ஆறு லாரிகள், காத்தோங்கில் வீடு. அன்று ஒரு பேங்க் அதிகாரியைப் பின்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கிடங்கைக் காட்ட அழைத்துப் போயிருந்தார். புறப்படும்போது அற்புதராஜ் வண்டியைப் பின்னால் எடுத்தார். லாரிகள் சுவரில் மோதாமலிருக்க முந்தின நாள்தான் அங்கே ஓர் இரும்புக் கம்பத்தை நட்டிருந்தார்கள். முழங்கால் உயரம். கண்ணாடியில் தெரியாத உயரம்.

பழைய வண்டியில் அவர் இடது கையைப் பக்கத்து சீட்டின் மேல் போட்டு, உடம்பை முழுதாகத் திருப்பிப் பார்த்துத்தான் பின்னால் எடுப்பார். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் எடுத்தார். ஒரு கீறல் விழுந்ததில்லை. புது வண்டி வந்த அன்றே சுப்பிரமணியம் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். "பின்னால பெரிய மனுஷங்க உக்காந்திருக்கும்போது நீ திரும்பி அவங்க மூஞ்சியையே பார்க்கறே. நல்லாவா இருக்கு? அதுக்குத்தான் மெஷின் வச்சிருக்கான். சத்தம் வந்தா நிறுத்து. வரலைன்னா போ."

அன்று சத்தம் வரவில்லை. அவர் போனார்.

பேங்க் அதிகாரியின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. சுப்பிரமணியம் மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார். "பஸ்ஸர் கெட்டிருந்தா அது வண்டியோட குத்தம். வித்தவனைக் கேட்டுக்கறேன். பஸ்ஸர் நல்லாயிருந்தா உன் கண்ணோட குத்தம். கண்ணு போன டிரைவரை வச்சு நான் என்ன பண்றது? உன்னை அனுப்பறப்ப குடுக்கற லெட்டர்லயும் அப்படித்தான் எழுதுவேன்."

அற்புதராஜுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்த மூத்த மகனை ஆகஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் நிறைய பேரை நிறுத்தினார்கள். வீட்டில் சம்பளத்துக்குப் போகிற ஆள் இப்போது அவர் ஒருவர்தான். கண் சரியில்லை என்று ஒரு முதலாளி எழுதிக்கொடுத்துவிட்டால் இன்னொருவர் ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டார். இதையெல்லாம் மனைவி உர்சுலாவிடம் அவர் சொல்லவில்லை. வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார். "அப்ப உங்களுக்கு லீவா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

கனி ஃபியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. பஸ்ஸரைக் கழற்றி நேரே பாட்டரியில் கொடுத்தார். சந்து முழுக்கக் கேட்கும்படி அலறியது. எதிர்ப்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த சீனக் கிழவி தலையைத் தூக்கி ஏதோ திட்டினாள்.

"சாரி லா, ஆன்ட்டி!" என்றார் கனி. பிறகு அற்புதராஜிடம், "பஸ்ஸருக்குத் தொண்டை நல்லாயிருக்கு" என்றார்.

வயர்களை ஒவ்வொன்றாக டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தார். அறுந்தது ஒன்றுமில்லை. இடி பட்டது முதல் வட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில். வட்டங்கள் எதுவும் விரிசல் விடவில்லை. பதினோரு மணிக்கு வெயில் சந்துக்குள் நேராக இறங்கியது. அற்புதராஜ் பால் டின்னில் கயிறு கட்டி இரண்டு டீ வாங்கி வந்தார்.

"எப்பலேருந்து சத்தம் வரலைண்ணே? இடிச்ச அன்னைக்கா, முன்னாடியேவா?"

"முதல் வாரம் எல்லாத்துக்கும் கத்தும். பூனை போனாக்கூட. அப்புறம் அடங்கிப் போச்சு. முதலாளிகிட்ட சொன்னேன். நல்லதாப் போச்சு, தலைவலி விட்டதுன்னாரு."

"முதல் வாரம் நல்லாயிருந்து அப்புறம் அடங்குச்சுன்னா..." கனி டீயைத் தரையில் வைத்துவிட்டு, சிமெண்ட்டில் மல்லாந்து படுத்து, தலையை பம்பருக்கு அடியில் கொண்டுபோனார். முதல் வட்டத்தில் காதை ஒட்டிவைத்தார். "ரிவர்ஸ் போடுங்க." கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தார்.

"இங்க வந்து படுங்கண்ணே. நீங்களும் கேளுங்க."

அற்புதராஜ் சட்டையைப் பார்த்தார். பிறகு சிமெண்ட்டில் படுத்தார். ஓரத்து வட்டத்துக்குள் கைக்கடிகாரம் ஓடுகிற மாதிரி மெல்லிய டிக் டிக் கேட்டது.

"வெளியில இருக்கற ரெண்டும் கூப்பிடற ரெண்டு. நடுவுல ரெண்டும் கேக்கற ரெண்டு. இது கூப்பிடும், அந்தச் சத்தம் ஏதாவது ஒண்ணுல பட்டுத் திரும்பி வரும், நடுவுல உள்ளது அதைக் கேட்டு பஸ்ஸர்கிட்ட சொல்லும். கார் விக்கிற ஏஜென்ட் காட்டின படத்துல பார்த்தேன். இப்பக் கூப்பிடறது நல்லாத்தான் கூப்பிடுது. காதுதான் அடைச்சிருக்கு."

கனி தன் கட்டைவிரல் நகத்தால் நடு வட்டத்தைச் சுரண்டினார். வட்டத்தின் மேல் ஊசி நுழைகிற அளவில் ஓட்டை ஓட்டையாக ஒரு வலை. அந்த ஓட்டைகளுக்குள் மங்கலான மஞ்சளில் ஏதோ இறுகிப்போய், மேலே பாலிஷ் மெழுகு ஏறிப் பளபளத்தது. ஒரு துணுக்கு நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தார். விரலை அற்புதராஜின் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

சந்தனம்.

இருவரும் படுத்த இடத்திலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பூஜை போட்டாங்களா?"

"சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயில்ல. வண்டி வந்த வாரம். முதலாளியம்மாதான் எல்லாத்துக்கும் பொட்டு வச்சாங்க. நம்பர் பிளேட், லைட்டு, கதவு... வட்டமா நாலு இருக்கவும் அதுக்கும் வச்சாங்க."

"நாலுக்குமா?"

"ஓரத்துல உள்ளது மழையில போயிருக்கும். நடுவுல அழுத்தி வச்சாங்க."

"நீங்க வண்டியைத் தினம் கழுவறீங்கல்ல?"

அற்புதராஜ் எழுந்து உட்கார்ந்தார். பழைய வண்டியில் ஒருமுறை நம்பர் பிளேட் மறைகிறதே என்று சந்தனத்தைத் துடைத்துவிட்டார். முதலாளியின் மனைவி கமலா அம்மா மாடியிலிருந்தே பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "உங்க மாதா படத்துல நான் கை வச்சா நீ சும்மா இருப்பியா அற்புதம்?" என்று கேட்டார். கத்திக் கேட்கவில்லை. வேலைக்காரப் பெண் கேட்டுக்கொண்டு நின்றாள். அதிலிருந்து அவர் பொட்டைச் சுற்றித்தான் துணி போடுவார். பாலிஷ் தேய்க்கும்போதும் சுற்றி வட்டமாகத் தேய்ப்பார். விரலில் துணியைச் சுற்றி, அவ்வளவு கவனமாக.

"சாமி சமாச்சாரம் பாய். நான் தொடக்கூடாதுன்னு விட்டுட்டேன்."

"ஆளு மாட்டிக்கிட்டான்!" கனி தொடையில் தட்டிச் சிரித்தார். காலையிலிருந்து தேடியது கிடைத்த சிரிப்பு அது. எழுந்து உள்ளே ஓடினார். பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு ஊசி, ஒரு மூடியில் மண்ணெண்ணெய் எல்லாம் எடுத்து வந்தார். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைக் கீழே விரித்துக்கொண்டு, ஓட்டை ஓட்டையாகக் குத்தி எடுத்தார். சின்னச் சின்ன மஞ்சள் துண்டுகள் தாளில் விழுந்தன. கால் மணி நேரம் மூச்சுவிடாமல் செய்தார். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது. கடைசியில் பிரஷ்ஷால் தேய்த்து, வாயால் ஊதித் துணியால் துடைத்தார்.

"இப்பப் போடுங்க ரிவர்ஸை."

தகரத்தை இரண்டு முழத்தில் பிடித்தார். பிப்... பிப்... என்றது பஸ்ஸர். ஒரு முழத்தில் வேகமாக அடித்தது. ஒரு சாணில் விடாமல் ஒரே கூச்சலாகக் கத்தியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கனி தகரத்தைத் தலைக்கு மேல் தூக்கினார்.

அற்புதராஜ் ஸ்டீரிங்கை விட்டு எழவில்லை. கண்ணாடியில் கனியின் சிரித்த முகம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா பாய்?"

"ஒரு பொட்டு மிச்சமில்ல."

"அப்ப முதலாளி வந்து பார்த்தா?"

கனியின் கையில் தகரம் மெல்லக் கீழே இறங்கியது. கண்டுபிடித்தால் சரிசெய்துவிடுவதுதான் இருபது வருஷமாக அவருக்குத் தெரிந்த வேலை. கண்டுபிடித்ததை அப்படியே விட்டுவைத்து, ஆளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பம்பரைப் பார்த்தார். நான்கு வட்டங்களும் புதிதாக இருந்தன.

"யா அல்லா" என்றார். பிறகு ஈயத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது இருக்குண்ணே. நான் சொல்றேன். நான்தானே எடுத்தேன். நானே சொல்றேன்."

பஸ்ஸர் சத்தம் கேட்டு மருதப்பன் உள்ளேயிருந்து வந்தார். ஒர்க்‌ஷாப் அவருடையது. கனிக்கு அவர் தவ்க்கே, அதாவது முதலாளி. கழுத்தில் துண்டு, கையில் பேனா. கனி எல்லாவற்றையும் சொன்னார். மருதப்பன் கடைசிவரை கேட்டுவிட்டு, சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இதை யார்கிட்ட சொல்லப் போறே?"

"அவர் முதலாளிகிட்டதான் தவ்க்கே. இவர் மேல தப்பில்லைல்ல."

"உங்க சம்சாரம் வச்ச சந்தனத்தாலதான் வண்டி இடிச்சுச்சுன்னு. அதைச் சொல்றது யாரு? நீ ஒரு பாய், இவர் ஒரு வேதக்காரரு. ரெண்டு பேரும் சேர்ந்து போயி அந்த அம்மாகிட்ட உங்க சந்தனம்தான் கெடுதல்னு சொல்லப் போறீங்க. சொல்லுங்க. சொல்லிட்டு, இங்க ரிப்பேருக்கு வர்ற அவரோட ஆறு லாரியும் அடுத்த மாசம் எங்க போய் நிக்கும்னும் சொல்லுங்க."

"உண்மை அதுதானே தவ்க்கே."

"நான் பொய்னு சொன்னேனா? போன மாசம் பெயிண்ட் அடிக்கிற பையனை ஏன் நிறுத்தினேன்? அவன் வேலை மோசம்னா? இல்ல. வண்டி வரலை. அவ்வளவுதான்." மருதப்பன் அற்புதராஜின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "அற்புதம், அடைப்புன்னு சொல்லிக்குவோம். அடைச்சிருந்துச்சு, அதான் கத்தலை. உன் கண்ணு மேல வராது. போதும்ல?"

அற்புதராஜ் யோசித்தார். போதும் போலத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு டாக்சி சந்தின் முனையில் நின்றது. சுப்பிரமணியமும் கமலா அம்மாவும் இறங்கி, எண்ணெய்க் கறைகளைத் தாண்டித் தாண்டி வந்தார்கள். அம்மா கையில் தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய வெற்றிலைக் கட்டு இருந்தது. அற்புதராஜ் ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டார்.

"என்ன மருதப்பன்? பஸ்ஸரா, ஆளா?" என்று சுப்பிரமணியம் கேட்டார்.

"பஸ்ஸர் நல்லாத்தான் இருக்குங்கய்யா. சின்ன அடைப்பு. நம்ம கனி எடுத்துட்டாரு."

"என்ன அடைப்பு?"

மருதப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "தூசிதாங்கய்யா."

"தூசியா?" சுப்பிரமணியம் அற்புதராஜைப் பார்த்தார். "ரெண்டு மாசத்து வண்டியில தூசி அடைச்சிருக்கு. வண்டியைத் தினம் கழுவறது யாரு அற்புதம்?"

அற்புதராஜ் வெற்றிலைக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நான்தாங்க முதலாளி. ஆனா தூசி இல்லைங்க."

"அற்புதம்" என்றார் மருதப்பன்.

"தூசி இல்லைங்க. சந்தனங்க. பூஜை அன்னைக்கு அம்மா வச்ச பொட்டு. நான் துடைக்கக் கூடாதுன்னு விட்டு வச்சிருந்தேன். அது உள்ள போயி இறுகிக்கிச்சுங்க."

கமலா அம்மா வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். வட்டங்கள் கறுப்பாக, சுத்தமாக இருந்தன. தன் வலது கை மோதிர விரலைப் பார்த்தார்.

"முன்னாலதானே வச்சேன்" என்றார். "பின்னாலயும் வச்சேனா? எனக்கு ஞாபகம் இல்லையே." அவர் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. மறுபடியும் குனியப் போனவரை சுப்பிரமணியம் தடுத்தார். "நீ போய் நிழல்ல நில்லு." பிறகு கனியிடம், "பாய், நீங்க சொல்லுங்க. எடுத்தது நீங்கதானே? சந்தனமா?"

கனியின் கை சட்டைப்பைக்குப் போனது. ஈயத்தாள் விரல்களுக்குக் கீழே சரசரத்தது. மருதப்பன் அவரைப் பார்க்கவில்லை. ஒர்க்‌ஷாப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் பையனின் ஸ்ப்ரே பம்பு அங்கே சுவரில் சும்மா தொங்கியது.

"மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுட்டேங்க" என்றார் கனி. "பார்க்க... தூசி மாதிரிதான் இருந்துச்சு."

கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, கீழே கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சுப்பிரமணியம் கோபப்படவில்லை. ஒரு கணக்கு நேரான மாதிரி தலையை ஆட்டினார். "பாரு அற்புதம். பத்தொன்பது வருஷம். வண்டியை இடிச்சதைக்கூட விட்டுடலாம்னு வர்ற வழியில அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். நீ என்னடான்னா அவங்க மேலயே பழியைத் தூக்கிப் போடுறே. அதுவும் சாமி காரியத்துல."

"பழி இல்லைங்க முதலாளி. நடந்ததைச் சொன்னேன்."

"பஸ்ஸர்ல குத்தம் இல்லைன்னு ஆயிடுச்சு. மிச்சம் ரெண்டுதான். ஒண்ணு நீ வண்டியைக் கழுவலை. இல்லைன்னா கண்ணு தெரியலை. லெட்டர்ல எதை எழுதட்டும்? நீயே சொல்லு."

நிழலில் நின்ற கமலா அம்மா, "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே" என்றார். யாரும் திரும்பவில்லை.

மருதப்பன் ஜாப் கார்டில் 'தூசி அடைப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுப்பிரமணியம் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாவிக்காகக் கையை நீட்டினார். "நானே ஓட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னால ஒரு தடவை பார்த்துடுவோம். அப்புறம் இன்னொரு கதை வரக்கூடாது."

கனி தகரத்தை எடுத்தார்.

"தகரம் எதுக்கு பாய்? ஆள் நின்னா தெரியுதான்னு பார்க்கணும். அற்புதம், பின்னால போய் நில்லு."

வெற்றிலைக் கட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அற்புதராஜ் வண்டிக்குப் பின்னால் போனார். அங்கே சந்து முடிந்து, பாசி பிடித்த செங்கல் சுவர் இருந்தது. சுவருக்கு முன்னால், கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றார். எஞ்சின் உறுமியது. பின்விளக்கு எரிந்தது. வண்டி அவரை நோக்கி வந்தது.

பிப்... பிப்... என்று தொடங்கிய பஸ்ஸர் வேகம் பிடித்தது. அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். முதுகில் சுவர் பட்டது. சத்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசியில் விடாத ஒரே கூச்சலாயிற்று. பம்பர் அவருடைய கால்சட்டை மடிப்பைத் தொட்டு நின்றது.

"கேக்குதா அற்புதம்?" என்று சுப்பிரமணியம் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"கேக்குதுங்க முதலாளி."

புகைக்குழாயின் சூடு கணுக்காலில் அடித்தது. பஸ்ஸர் கத்திக்கொண்டேயிருந்தது. வண்டி முன்னால் நகரக் காத்து அவர் சுவரோடு ஒட்டி நின்றார்.